பதினாலு லோடு மழை

கத்திரி தொடங்கி ஒன்பதாம் நாள்,
விரிஞ்சிபுரத்துக்கு மேற்கே பாலாற்று மணலில்
மழை வேண்டும் என்றார்கள் சினிமாக்காரர்கள்.
லோடுக்கு ஆயிரத்து இருநூறு.
இருட்டின பிறகு வந்தால் மேலே ஒரு நூறு.

அரியூர் போர்வெல்லில் பிடித்து
பதினாலு லோடு ஓட்டினேன்.
அந்த நாலு நாளும் எங்கள் தெருவுக்குத்
தண்ணீர் வண்டி போகவில்லை.
அதையும் நான்தான் ஓட்டுகிறேன்.

பட்டாக்கத்தியோடு பதினோரு அடியாட்கள்
உதட்டு வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவி
குளிரில் நடுங்கப் பழகிக்கொண்டிருந்தார்கள்.
கிரேனில் கட்டிய குழாய் தும்மியது.
முதலில் துரு. பிறகு மழை.
விழுந்த இடம் தெரியாமல் குடித்தது மணல்.
"தேங்கவே மாட்டேங்குதே, எனக்கு சேறு வேணும்!"
டைரக்டர் மைக்கில் கத்தினார்.
இந்த ஆத்து தாகம் பதினாலு லோடுக்கு அடங்குமா சார் என்றேன்.
என்னிடம் மைக் இல்லை.
கடைசியில் தார்ப்பாய் விரித்து
அதன்மேல் மணலைக் கொட்டி
ஆற்றுக்குள் ஓர் ஆறு செய்தார்கள்.

கதாநாயகன் கேரவனில் இருந்தார்.
பாலத்துத் தூணிலிருந்து விழுந்தவன்
மேல்விஷாரம் இம்தியாஸ்.
தோல் ஷாப்பில், சுண்ணாம்புத் தொட்டியில்
ஈரத்தோல் இழுத்த கை.
அதே சட்டை, அதே விக்கு,
அதே இடத்தில் அதே கிழிசல்.
அட்டைப்பெட்டி அடுக்கின்மேல் ஏழு தரம் விழுந்தான்.
ஏழாவதில் பெட்டிகள் ஊறிப்போயிருந்தன.
தோள் இறங்கின சத்தம்
என் வண்டி கியர் சரியாக விழாத சத்தம்.
"சூப்பர், ஓகே!"
அந்த ஷாட்தான் படத்தில் இருக்கிறது.

கரையில் எங்கள் தெரு ஜனம்.
வேடிக்கை பார்க்க யாரும் வெறுங்கையோடு வரவில்லை.
மழை முடிகிற ஓரமாகப் பார்த்து
கஸ்தூரி அக்கா தன் பச்சைக் குடத்தை வைத்தாள்.
"யார்மா அது, ஃப்ரேமுல கொடம்!"
"மழதான பேயுது? மழையப் புடிக்கக் கூடாதுன்னு
எந்த ஊர்ல சட்டம்?"
நிறைகிறவரை நகரவில்லை.
போகும்போது என் வண்டியோரம் நின்று சொன்னாள்:
"நீ இன்னாத்துக்கு மொறைக்கற,
எங்க ஊட்டுத் தண்ணிதான் இது."

படத்துக்கு மூன்று தரம் பெயர் மாறியது.
ஐப்பசியில் வந்தது.
காட்பாடியில் காலைக் காட்சி.
வாசலில் கட்-அவுட் நனைந்து
கதாநாயகனின் மீசை கழுத்துவரை வழிந்திருந்தது.
மழையால கூட்டமில்லை என்றார் டிக்கெட் கிழிப்பவர்.
எங்கள் தெரு மட்டும் இரண்டு வரிசை.

இம்தியாஸ் என் பக்கத்தில்.
வலக்கை இன்னும் காதுக்கு மேல் எழாது.
சண்டை தொடங்கியதும்
என் காதோரம் சொல்லிக்கினே வந்தான்:
"இது நானு. இது நானு. இது அவுரு.
இது நானு, முதுகு மட்டும்.
இது நானு."

சேற்றிலிருந்து கதாநாயகன் எழுந்து
டிரைலரில் வந்த அந்த வசனத்துக்கு வாய் திறக்க,
திரையின் வலது மூலையில்
ஒன்றரை விநாடி இருக்கும்,
பச்சைக் குடம்.

"அக்கா கொடம்டோய்!"
பாப்கார்ன் பறந்தது.
கஸ்தூரி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு
சீட்டுக்குக் கீழே குனிந்துவிட்டாள்.
அந்த வசனம் என்னவென்று
எங்கள் தெருவில் இன்றைக்கும் யாருக்கும் தெரியாது.

நாலு நாளில் தூக்கிவிட்டார்கள்.
ரெண்டு லோடு மழைக்குப் பணம் பாக்கி.
மேனேஜருக்குப் போன் போட்டால்
அந்தப் படத்துப் பாட்டுதான் பாடுகிறது, எடுப்பதில்லை.

ஒன்று மட்டும் சொல்ல விட்டுப்போனது.
அன்றைக்குக் குடத்துக்கு முதல் விசில்,
யாரும் கத்துவதற்கு முன்னாலேயே,
இடக்கை விரல் இரண்டை நாக்கடியில் மடக்கி
இம்தியாஸ் அடித்தது.